அறுபது வயதுக்கு உட்பட்டவர்கள் மட்டும்

அந்த வீடியோவை என் மனைவி அன்று சாயங்காலம் எத்தனை தடவை பார்த்தாள் என்று நான் எண்ணவில்லை. மகளின் ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து குடகுக்குப் போய் வந்திருந்தார்கள். காட்டுக்கு நடுவே ஓர் ஆறு, ஆற்றில் ஒரு ரப்பர் படகு, படகில் ஹெல்மெட் போட்ட ஏழெட்டுப் பேர். படகு பாறைச் சரிவில் மூக்குக் குப்புறப் பாய்ந்து, வெள்ளை நுரைக்குள் காணாமல் போய், மறுபடி வெளியே வரும். அவ்வளவுதான், அரை நிமிஷம்கூட இருக்காது. முடிந்ததும் அவள் விரலால் தொட்டு மறுபடி ஓடவிடுவாள். மகள் சந்தாபுராவில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். போனுக்காகக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“ம்மா, குடும்மா. பஸ்ஸு போயிடும்.”

“இரு. இந்தக் கடைசில இருக்கற பொண்ணு விழுவாளா மாட்டாளான்னு பாக்கறேன்.”

“அதான் பத்து வாட்டி பாத்தியே. விழமாட்டா.”

“பத்து வாட்டியும் விழுந்துடுவாளோன்னுதாண்டி இருக்குது.”

போனைக் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. “நானும் அதுல உக்காரணும்.”

மகள் என்னைப் பார்த்தாள். “சும்மா சொல்றா” என்றேன்.

“சும்மா ஒண்ணும் இல்ல” என்றது சமையலறை.

நாற்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் தனக்கென்று எதையும் இப்படிக் கேட்டதில்லை. அதனால் மகள் அப்போதே முடிவு செய்துவிட்டாள். ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு. சனிக்கிழமை போய் ஒரு காப்பித் தோட்டத்தில் தங்குவது, ஞாயிறு முழுக்கக் காடு, ஜிப்லைன், ஆறு. ஏற்பாடுகள் என் பொறுப்பு. பெங்களூரின் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் நான். எந்தப் பாகம் எந்த மெஷினுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று எழுதியே பென்ஷன் வரைக்கும் வந்தேன். வீட்டில் இன்றைக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போவதென்றால்கூட நேரத்தை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுவேன். மகள் கிண்டல் செய்வாள். ஆனால் வேலையை என்னிடம்தான் கொடுப்பாள்.

சந்தோஷமாக ஆரம்பித்தேன். வாடகைக் கார் ஜீவனஹள்ளி வீட்டு வாசலுக்கு ஐந்து மணிக்கு. மத்தூரில் டிபன். ஹுன்சூர் தாண்டினால் மலைவளைவு, அதற்கு முன்பே மகளுக்கு வாந்தி மாத்திரை. அட்டைப்பூச்சி ஏறாமல் இருக்க நீளக் காலுறை, உப்பு. மாற்று உடை இரண்டு செட். மனைவியின் கண்ணாடிக்கு ஒரு கயிறு. எல்லாம் எழுதிவிட்டுப் படகு விடுகிறவருக்குப் போன் செய்தேன். குடகுக்காரர், கன்னடத்தில் பொறுமையாகப் பேசினார். ஜிப்லைனுக்கு எடை மட்டும்தான் பார்ப்பார்களாம், வயதில்லை. ஆற்றுக்கு வயது உண்டு.

“பதினாலுலேருந்து அறுபது வரைக்கும் சார். அதுக்கு மேல ஒரு நாள்கூட விடமாட்டோம். இன்ஷூரன்ஸ் ஒத்துக்காது. ஆதார் காப்பி முன்னாடியே அனுப்பிடுங்க.”

எனக்கு எழுபது. நான் படகில் ஏறுவதாகவே இல்லை, கரையில் நிற்பதாகத்தான் எழுதியிருந்தேன். அவளுக்கு ஐம்பத்தொன்பது. “சரி சார், அனுப்பறேன்” என்று சொல்லிப் போனை வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது. ஆதாரில் அவளுக்கு அறுபத்திரண்டு.

அந்த மூன்று வருடத்தைப் போட்டவன் நான்.

கல்யாணத்தின்போது எனக்கு இருபத்தெட்டு. அவளுக்குப் பதினேழு, பத்தாவது முடித்துப் பி.யூ.சி. முதல் வருடம் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் அப்பா சம்மதித்தார், என் வீட்டில் சம்மதித்தார்கள். அந்தக் காலத்தில் அது சகஜம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் பி.எஸ்ஸி. படித்தவன். பதினெட்டுக்குக் குறைந்த பெண்ணைக் கட்டக் கூடாது என்ற சட்டம் எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் மனைவி பெயரை மருத்துவ அட்டையில் சேர்க்க வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். ஒரு வக்கீலிடம் போய், வயது இருபது என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினெட்டு என்று எழுதினால் சந்தேகம் வரும் என்று யோசித்து இருபது என்று எழுதினேன். அவ்வளவு யோசித்துச் செய்தேன். அப்புறம் அந்த அட்டையைப் பார்த்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைப் பார்த்து வாக்காளர் அட்டை, அதைப் பார்த்து ஆதார். காகிதத்தில் அவள் எப்போதும் தன்னைவிட மூன்று வருடம் மூத்தவளாகவே இருந்தாள்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவள் பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டை, சரியான பிறந்த தேதியோடு, அவள் அப்பா ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார். ஒரே ஆளுக்கு இரண்டு வயது இருப்பது ஆபத்து என்று அதை என் சர்வீஸ் ஃபைலுக்குள் வைத்தேன். ஒக்கலிபுரத்திலிருந்து ஜீவனஹள்ளிக்கு வீடு மாறின பிறகு எங்கள் தெருவுக்கு அங்கன்வாடி வந்தது. டீச்சர் வேலைக்குப் பத்தாவது பாஸான பெண் வேண்டும் என்று ஒரு அம்மாள் வீட்டுக்கே வந்து கேட்டார். என் மனைவி மார்க்ஸ் கார்டைத் தேடினாள். வீடு மாறும்போது தொலைந்திருக்கும் என்றேன். பரீட்சை போர்டு ஆபீஸுக்கு எழுதி நகல் வாங்கித் தரச் சொன்னாள். எழுதினேன், பழைய ரிஜிஸ்டர் இல்லை என்று பதில் வந்துவிட்டது என்றேன். நான் எழுதவே இல்லை.

பொய்ப் பிரமாணம் வெளியே வந்தால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் அது. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, நான் வேலையிலிருந்து வரும்போது அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் விரும்பியது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

போன் பேசிய அன்று மத்தியானம் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோழைத்தனமான வழியைத்தான் முதலில் பிடித்தேன்.

“அந்த ஆத்துல அறுபதுக்கு மேல விடமாட்டாங்களாம்.”

“எனக்கு அம்பத்தொம்பதுதானே.”

“கார்டுல அறுபத்திரெண்டு இருக்குதே.”

“கார்டுல எழுதினது யாரு?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “அந்த மார்க்ஸ் கார்டு மட்டும் தொலையாம இருந்திருந்தா எடுத்துக் காட்டிட்டுப் போயிருக்கலாம். எல்லாம் என் நேரம்.”

நான் செய்ததற்கு அவள் தன் நேரத்தைக் குறை சொன்னாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அறைக்குப் போய், திட்டத் தாளில் ஆற்றை அடித்துவிட்டு அந்த இடத்தில் ‘அருவி பார்த்தல்’ என்று எழுதினேன். இரண்டு நாள் அந்தத் தாள் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து அவளைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப் போனாள். புடவையைத் தவிர வேறு எதையும் உடுத்தாதவள், நீல டிராக் பேன்ட்டும் அதே நிறத்தில் முழுக்கை பனியனும் வாங்கிக்கொண்டு வந்தாள். போட்டுப் பார்த்துவிட்டு ஹாலில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தாள்.

“என்னா லேசா இருக்குதுடி நடக்கறதுக்கு. இத்தினி நாளு இதை ஆம்பளைங்களே வெச்சிக்கினாங்களா?”

மகள் சிரித்தாள். நான் உள்ளே போய் ஃபைலை எடுத்தேன்.

மார்க்ஸ் கார்டு பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு மடிப்பும் இல்லாமல் இருந்தது. அவளிடம் கொடுக்கவில்லை என்றாலும் அதை நான் அவ்வளவு நன்றாகப் பாதுகாத்து வைத்திருந்தேன். கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

“கணக்குல எண்பத்தொண்ணு” என்றாள். “நான் எழுபதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.” பிறகு, “எங்க இருந்துச்சு?”

“என் ஃபைல்ல.”

“எப்பலேருந்து?”

“மொதல்லேருந்து.”

“அப்பா!” என்றாள் மகள்.

“நீ இரு” என்று அவளை அடக்கிவிட்டு என் மனைவி கேட்டாள்: “போர்டு ஆபீசுக்கு எழுதினேன்னு சொன்னீங்களே?”

“எழுதல.”

அவள் சத்தம் போடவில்லை. “அந்த அங்கன்வாடி அம்மா மூணு வாட்டி வந்தாங்க. மூணு வாட்டியும் காப்பி போட்டுக் குடுத்து, இல்லம்மா தொலைஞ்சிடுச்சுன்னு சொல்லி அனுப்பினேன்.” கார்டை உறையில் திரும்பப் போட்டாள். உள்ளே போய்ப் புடவைக்கு மாறி, உலை வைத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. தட்டு வரும், மாத்திரை வரும், பேச்சு வராது. மகள் கார்டைப் படம் எடுத்துக் குடகுக்காரருக்கு அனுப்பினாள். பிறந்த தேதிக்கு இங்கே எஸ்.எஸ்.எல்.சி. கார்டுதான் கடைசிப் பேச்சு, அசலைக் கொண்டுவாருங்கள், நேரில் பார்த்துச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. நான் வரவில்லை என்று மகளிடம் சொன்னேன். அதற்கும் பதில் மகள் வழியாகத்தான் வந்தது.

“உங்கப்பாவ வரச் சொல்லு. எட்டு பதினஞ்சுக்கு யார் என்னா மாத்திரை போடணும்னு அவரு இல்லாம யாருக்குத் தெரியும்?”

போனோம். ஹுன்சூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் இரண்டு நாளும் அது நிற்கவில்லை. காப்பித் தோட்டத்தில் தங்கி, ஞாயிறு காலை ஒரு ஜீப்பில் காட்டோரமாக ஏறினோம். எழுபது வருடம் பெங்களூரில் இருந்துவிட்டேன். ஆறு மணி நேரத் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிருந்தது. மரங்களின் உச்சி தெரியவில்லை. அடிமரத்தைப் பார்த்து அப்படியே கண்ணை ஏற்றிக்கொண்டு போனால், பாசி, மிளகுக் கொடி, பெயர் தெரியாத வெள்ளைப் பூ, இன்னும் மேலே போனால் மேகம். மழை இலைமேல் விழுந்து, அந்த இலையிலிருந்து இன்னோர் இலைக்கு விழுந்து, கீழே நமக்கு வந்து சேரும்போது அது வேறு ஏதோ பழைய மழை போல இருந்தது. வண்டுகளின் சத்தம் ஒரு பெரிய மெஷின் ஷாப்பின் சத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே யாரும் எதையும் திட்டமிட்டு ஓடவிட்டதாகத் தெரியவில்லை. நான் வாய் மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று மகள் பிறகு சொன்னாள்.

ஜிப்லைன் ஒரு பள்ளத்தாக்கின் குறுக்கே போனது. இந்த மேட்டிலிருந்து கம்பி கிளம்பி, காட்டின் தலைக்கு மேலாக, எதிர்மேட்டில் எங்கோ முடிந்தது. என் மனைவி ஐம்பத்து மூன்று கிலோ. இடுப்பிலும் தொடையிலும் பட்டைகளை மாட்டிவிட்ட ஆள், “பயமா இருக்கா அம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“பயமாத்தான் இருக்குது. அதுக்குன்னு இங்கியே நிக்கறதா?” என்று அவளும் கன்னடத்திலேயே சொன்னாள்.

முன்னால் போனவர்கள் எல்லோரும் கத்திக்கொண்டு போனார்கள். அவள் கத்தவில்லை. கம்பியில் சக்கரம் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நீல பேன்ட், சிவப்பு ஹெல்மெட், அப்புறம் ஒரு புள்ளி. பள்ளத்தாக்கின் நடுவில் ஒரு மேகம் நின்றிருந்தது, அதற்குள் போய் மறைந்தாள். கம்பி மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து விசில் வரும்வரை நான் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆற்றை நாங்கள் பார்ப்பதற்கு வெகுநேரம் முன்பே கேட்டோம். காதில் கேட்டது என்பதைவிட நெஞ்சில் கேட்டது என்று சொல்ல வேண்டும். கரையில் தகரக் கொட்டகையின் கீழ் ஒரு மேஜை. அதன் பின்னால் போனில் பேசிய குடகுக்காரர். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். எங்கள் முறை வந்ததும் மகள் இரண்டு கார்டுகளையும் நீட்டினாள். அவர் இதைப் படித்தார், அதைப் படித்தார். பிறகு, என்னையும் மகளையும் விட்டுவிட்டு, என் மனைவியைப் பார்த்துக் கேட்டார்: “அம்மா, இதுல எது நிஜம்?”

இங்கே அவர் வேண்டாம் என்று சொன்னால் அவ்வளவுதான். அடுத்த மழைக்காலத்தில் அவளுக்கு உண்மையிலேயே அறுபது தாண்டியிருக்கும்.

அவள் சொன்னாள்: “ரெண்டும் கவர்மெண்டு குடுத்ததுதாங்க. ஆனா நான் பொறக்கறப்ப இவரு அங்க இல்ல. எங்கம்மா இருந்தாங்க. எங்கம்மா சொல்லி எழுதினது இது.” மார்க்ஸ் கார்டை விரலால் முன்னால் தள்ளினாள்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “இவரு யாரு?”

“எங்க வீட்டுக்காரரு. தப்பா எழுதினவரு.”

“ஆமாங்க” என்றேன். “நான்தான் தப்பா எழுதினேன். வேணும்னே எழுதினேன்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் என் வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். “அப்ப அதையே எழுதிக் குடுங்க சார். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் காட்டணும்” என்று ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தந்தார்.

எழுதினேன். என் திருமணத்தின்போது என் மனைவிக்குப் பதினேழு வயது. அதை மறைத்து இருபது என்று நான் பொய்ப் பிரமாணம் செய்தேன். அவருடைய சரியான பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் உள்ளது. இதற்கெல்லாம் நானே பொறுப்பு. கன்னடத்தில் நான்கு வரி வந்தது. பேனா மழை ஈரத்தில் இரண்டு இடத்தில் எழுதாமல் நின்றது, மறுபடி அழுத்தி எழுதினேன். என் மனைவி பக்கத்தில் நின்று முழுவதும் படித்தாள். பிறகு லைஃப் ஜாக்கெட் கொடுக்கிற இடத்துக்குப் போய் வரிசையில் நின்றாள்.

அவளும் மகளும் ஏறிய படகு கிளம்பும்போது நான் முதல் சரிவுக்குப் பக்கத்தில் ஒரு பாறைமேல் நின்றிருந்தேன். அந்த இடத்தில் ஆறு முழுவதும் இரண்டு பாறைகளுக்கு நடுவே நெருங்கி வந்து, ஒரு மாடி உயரத்துக்கு உடைந்து இறங்குகிறது. அந்தத் தண்ணீருக்கு வெள்ளை என்று சொன்னால் போதாது. அது நின்ற இடத்திலேயே கொதிப்பது போலவும், ஒரு கணம்கூட நிற்காதது போலவும் ஒரே நேரத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னைப் பற்றிய நினைப்பு எனக்குக் கொஞ்ச நேரம் இல்லாமல் போயிற்று. அது நல்லதாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

படகு வளைவில் தெரிந்தது. பின்னால் நின்ற வழிகாட்டி என்னவோ கத்தினார். எல்லோரும் துடுப்புப் போட்டார்கள். எட்டு ஹெல்மெட்டுகளும் ஒரே சிவப்பு. அதில் அவள் எது என்று எனக்குத் தெரியவில்லை. படகு சரிவில் இறங்கி நுரைக்குள் போனது. முழுவதுமாகப் போனது. பிறகு கீழே வெளியே வந்தது, பக்கவாட்டில் திரும்பி, நிறையத் தண்ணீரோடு. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். எட்டும் இருந்தன. கீழே சிலர் துடுப்பை விட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் ஒரு துடுப்பு மட்டும் விடாமல் தண்ணீரை இழுத்துக்கொண்டிருந்தது. படகு அடுத்த வளைவில் மறைவதற்குள் அந்தக் கையின் நீல பனியனைப் பார்த்துவிட்டேன்.

ஜீப் என்னை ஆறு அமைதியாகிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். படகு வந்து மணலில் உரசியதும் யார் கையையும் பிடிக்காமல் அவளே இறங்கினாள். உதடு நீலமாக இருந்தது, முழங்கால் ஆடியது. கடைவாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பையன்களிடம், “அந்த மூணாவது எடத்துல நீ போயிட்டேன்னே நெனச்சேன்ப்பா” என்று கன்னடத்தில் சொல்லி ஒருவன் முதுகில் தட்டினாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

“தண்ணி எவ்ளோ கனம் தெரியுமா?” என்றாள். இரண்டு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. “மேல வந்து விழறப்ப யாரோ ரெண்டு கையால தள்றாமாதிரி இருக்குது. அப்புறம் அதே தண்ணி தூக்குது.”

நான் துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

மறுபடி ஜீப்பில் கொட்டகைக்கு வந்தபோது, மத்தியானப் படகில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஆற்றை நேரில் பார்த்த ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். நான் டீ வாங்கப் போன நேரத்தில் என் மனைவி குடகுக்காரரிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டினார். திரும்பி வந்து ஹெல்மெட்டை எடுத்தாள்.

“ரெண்டு மணிக்குக் கெளம்பணும்னு இருக்குதே” என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

“நாலு மணிக்குக் கெளம்பலாம்” என்றாள். “டிரைவர்கிட்ட சொல்லிட்டு வாங்க.”

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மகளுக்கு மறுபடி போகத் தெம்பில்லை. துண்டைப் போர்த்திக்கொண்டு என்னோடு பாறைக்கு வந்தாள். கையில் காகிதத் தட்டில் மேகி. எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள்.

“அம்மா உங்கள மன்னிச்சிட்டாங்களாப்பா?”

“தெரியல.”

“கேட்டீங்களா?”

“இல்ல. கேட்டா அவ பதில் சொல்லணுமே. அந்த வேலையையும் அவளுக்கு எதுக்குக் குடுக்கணும்?”

மழை கொஞ்சம் வலுத்தது. ஆறு காலையில் பார்த்ததைவிட ஒரு சாண் ஏறியிருந்தது. நான் நின்றிருந்த பாறையின் கீழ்ப்பகுதியை இப்போது காணோம். படகு வளைவில் வந்தது. இந்தத் தடவை யாரையும் எண்ண வேண்டியிருக்கவில்லை. தெரியாத ஏழு பேருக்கு முன்னால், படகின் மூக்கில், துடுப்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. கீழே வரப்போகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழிகாட்டி கத்தினார். அவள் துடுப்பை ஆற்றுக்குள் இறக்கினாள்.